கல்லில் உரித்த நார்

ஊர்திகளின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் ஓட்டத்தின் வரலாற்றையே எழுதியிருக்கிறார்கள். நீராவி, பெட்ரோல், டீசல் என எஞ்சினின் வம்சாவளி விரிவாகப் பதிவாகியிருக்கிறது. அந்த ஓட்டத்தைத் தடுத்து நிறுத்திய பொருட்களின் வரலாறு அடிக்குறிப்பாகவே கிடக்கிறது. நம் இலக்கியத்திலும் நிலைமை ஏறத்தாழ இதுதான். புறநானூற்றின் 102-ஆம் பாடலில் அவ்வையார் உப்பு வணிகரின் வண்டியொன்றைக் காட்டுகிறார். பள்ளமும் மேடுமான வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்றெண்ணி, வண்டிக்கு அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போகும் முன்யோசனையே அங்கு உவமையாகிறது. இறக்கத்தில் அந்த வண்டியைத் தடுத்தது எது என்பது அப்பாடலின் கவலையன்று. மாட்டின் கழுத்தும் வண்டிக்காரனின் கையிலிருந்த கயிறும்தான் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

குலசேகரத்தில் வாழ்பவர்களுக்கு இந்தக் கவலை அன்றாடமானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் இது. வடக்கே பேச்சிப்பாறை, கோதையாறு; மேற்கே திற்பரப்பு, களியல்; எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே ஏறியிறங்கும் வளைசாலைகள். ரப்பர்த் தடியும் வாழைக்குலையும் அன்னாசியும் செங்கல்லும் இச்சாலைகளில் லாரியில்தான் இறங்கிவருகின்றன. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் மாவட்டமாதலால் ஆண்டில் பல மாதங்கள் சாலை ஈரமாகவே இருக்கும். ஓடாத வண்டி பணத்தைத் தின்னும். நிற்காத வண்டி ஆளைத் தின்னும்.

இங்குள்ள பழைய சிறுலாரிகள் பலவற்றுக்கு உரிமையாளரே ஓட்டுநர், அவரே பாதி மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு முற்றத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கிய வண்டியையும், சாக்கு விரித்துப் பரப்பிய உதிரிப் பாகங்களையும், சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளையும் காணலாம். பெரும்பாலும் அங்கே பிரிக்கப்படுவது பின்சக்கரத்து டிரம் பிரேக். நாம் இக்கட்டுரையில் அப்படி ஒரு டிரம்மைத் திறந்து, உள்ளிருக்கும் பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவை எங்கிருந்து வந்தன என்று பார்க்க முயல்கிறோம். இரும்பு, நார், ரப்பர் என்று அவை மூன்று. மூன்றுக்கும் வரலாறு உண்டு. ஒன்றுக்கு மரணக் கணக்கும் உண்டு.

*

முதலில் இந்த வண்டிகள் இங்கு வந்த கதை. இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் டிரம் பிரேக் இருந்தது. 1947-இல் மஹிந்திரா நிறுவனம் அந்த ஜீப்பின் பாகங்களை இறக்குமதி செய்து இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. மலைத்தோட்டங்களுக்கு ஏற்ற வண்டியாக அது நிலைத்தது. டாடாவின் டெல்கோ 1954-இல் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸுடன் கைகோத்து லாரி செய்யத் தொடங்கியது. எண்ணூரின் அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்டு ஆனது. 1986-இல் வந்த டாடா 407, குறுகிய சாலைகளுக்கும் சிறு முதலாளிகளுக்கும் உகந்த லாரியாக இருந்தது. லாரி என்பது கம்பெனிச் சொத்து என்ற நிலை மாறி வீட்டுச் சொத்தானதில் இத்தகைய சிறுலாரிகளுக்குப் பெரும் பங்குண்டு. வீட்டுச் சொத்தானதும் அதன் பழுதும் வீட்டுக்கு வந்தது.

பிரேக்குக்கான பாகங்களும் தமிழ்நாட்டிலேயே உருவாயின. டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் கெர்லிங் நிறுவனமும் இணைந்து 1962-இல் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. ரானே பிரேக் லைனிங் 1964-இலும், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974-இலும் தோன்றின. சென்னையின் பாடி, அம்பத்தூர்ப் பகுதி இத்தொழிலின் மையமாயிற்று. நம் முற்றத்தில் சாக்கின்மேல் கிடக்கும் ஷூ பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

*

இனி டிரம்மைத் திறப்போம். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பின்பக்கம் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சின் கீழ் உறுதியான தாங்கி வைத்த பிறகே யாரும் அடியில் கை நீட்ட வேண்டும். சக்கரம் கழன்றதும் வட்டமான வார்ப்பிரும்புச் சட்டி தெரியும். அதுவே டிரம். உள்ளே பிறைவடிவில் இரண்டு ஷூக்கள். மேலே வீல் சிலிண்டர், அவற்றை விரித்துத் தள்ள. குறுக்கே ஸ்பிரிங்குகள், அவற்றை இழுத்துச் சேர்க்க. பிரேக்கை மிதித்தால் ஷூக்கள் விரிந்து, சுழலும் டிரம்மின் உட்சுவரை உரசுகின்றன. அவ்வளவுதான் தத்துவம்.

இந்த அமைப்பை 1902-இல் பிரான்சின் லூயி ரெனோ வடிவமைத்தார். அதற்கு முன்பு மரக்கட்டையை வெளியிலிருந்து சக்கரத்தில் அழுத்துவதோ, உருளையைச் சுற்றிப் பட்டை இறுக்குவதோதான் வழக்கம். வெளியே இருந்ததால் சேறும் தண்ணீரும் புகுந்து பிடி வழுக்கியது. ரெனோ உராய்வைச் சட்டிக்குள் கொண்டுபோனார். மழைநாட்டில் இருப்பவர்களுக்கு அதன் அருமை விளங்கும். ஆனால் சேறு உள்ளே போகாதபடி மூடிய அதே சட்டி, தேய்மானத் தூசியை வெளியே விடாமல் சேர்த்தும் வைத்தது. இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டிரம்முக்குள் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு ஷூக்களும் ஒன்றுபோலத் தோன்றினாலும் செய்யும் வேலை வேறு. வண்டி முன்னோக்கி ஓடும்போது, ஒரு ஷூவை டிரம்மின் சுழற்சியே தன்னுள் இழுத்துக்கொள்கிறது. கதவிடுக்கில் செருகிய ஆப்பு கதவு அசைய அசைய இறுகுவதைப்போல. மற்றதை அச்சுழற்சி விலக்கித் தள்ளுகிறது. ஆகவே முதல் ஷூவின் லைனிங் வேகமாகத் தேயும். வண்டியைப் பின்னோக்கி எடுத்தால் இருவரின் பாத்திரமும் மாறிவிடும். தேய்ந்த ஷூக்களை இடம் மாற்றிப் பூட்டுபவர் இதை அறியாதவர் என்று கண்டுகொள்ளலாம்.

தொடக்ககால மோட்டார் வண்டிகளுக்குப் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக் இருந்தது. திரும்பும் முன்சக்கரத்துக்குக் கம்பியும் கோலும் கொண்டுபோவது கடினம். முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி சறுக்கும் என்ற அச்சமும் இருந்தது. நான்கு சக்கர பிரேக் 1920-களில்தான் பரவியது. வழி திறந்தவர் மால்கம் லாக்ஹீட். சகோதரருடன் சேர்ந்து விமானம் கட்டிய அவர் அதைவிட்டு, குழாயில் அடைத்த திரவத்தின் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளும் ஹைட்ராலிக் முறைக்கு உரிமம் பெற்றார். 1921-இல் டியூசன்பர்க் காரிலும், 1924-இல் கிரைஸ்லர் காரிலும் அது வந்தது. பிற்காலத்தில் கார்களின் முன்சக்கரங்களை டிஸ்க் பிரேக் பிடித்துக்கொண்டது. பாரம் முழுவதும் பின்னச்சில் ஏறும் லாரியிலோ பின்சக்கரத்து டிரம் இன்றும் உயிர்நாடி.

அது தாங்கும் வெப்பம் எவ்வளவு என்று ஒரு கணக்கு. சுமையோடு 5 டன் எடையுள்ள வண்டி 100 மீட்டர் உயரத்தை ஒரே வேகத்தில் இறங்குகிறது என்று கொள்வோம். எஞ்சினின் தடையைத் துணைக்குக் கொள்ளாமல் பிரேக்கை மட்டும் நம்பினால், ஏறத்தாழ 49 லட்சம் ஜூல் ஆற்றல் முழுவதும் வெப்பமாக வேண்டும். அது 15 லிட்டர் நீரை, அதாவது ஒரு குடம் நீரை, கொதிக்க வைக்கப் போதும். அந்தக் குடம் நான்கு டிரம்களுக்குள் கொதிக்கிறது. சூட்டில் இரும்பு விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கின் பிடி தளரும். மிதி ஆழ இறங்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

*

ஷூவின்மேல் ஒட்டியோ ரிவெட் அடித்தோ பொருத்தப்பட்ட பட்டைக்கு லைனிங் என்று பெயர். உண்மையில் தேய்வது அதுதான். ஷூ என்ற சொல்லை நம் மெக்கானிக்குகள் எவரும் மொழிபெயர்க்கவில்லை. பாதுகை என்று எழுதினால் சிரிப்பார்கள். ஆனால் லைனிங்கின் கதையில் உண்மையான காலணியே வருகிறது. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில், இறக்கத்தில் வண்டியை நிறுத்த மரத்தடையின்மேல் பழைய பூட்சை மாட்டி உழவர்கள் பயன்படுத்தியதை ஹெர்பர்ட் புரூட் என்பவர் கண்டாராம். அதிலிருந்து தோன்றிய எண்ணத்தில் 1897-இல் உராய்வுப் பட்டைகள் செய்யத் தொடங்கினார். தம் பெயரின் எழுத்துக்களைக் கலைத்து, மனைவி எலிசபெத்தின் முதலெழுத்தையும் சேர்த்து, பெரோடோ என்று பெயரிட்டார். முதலில் பிசினில் ஊறிய பருத்திப் பட்டை. மோட்டார் வண்டியின் சூட்டில் பருத்தி கருகியது. 1908-இல் அவர் தேர்ந்த மாற்றுப் பொருள் கல்நார்.

ஆஸ்பெஸ்டாஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு அணையாதது என்று பொருள். தமிழில் கல்நார் என்றார்கள். இந்த இரண்டில் தமிழ்ச் சொல்லே பொருளைக் கண்முன் நிறுத்துகிறது. கல்லில் நார் உரிப்பவன் என்று நாம் நடக்காத காரியத்தைச் செய்பவனைச் சொல்வோம். நிலத்தடியிலிருந்து வெட்டிய பாறையில் மெய்யாகவே நார் உரிந்தது. அதை நூற்கவும் நெய்யவும் முடிந்தது. தீயில் அது எரியவில்லை. பிரேக்குக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி உலகத்து வண்டிகள் கல்நாரை உரசித்தான் நின்றன.

அந்த நாரின் மறுபக்கம் தெரியாமலிருந்தது என்று சொல்ல இயலாது. இங்கிலாந்தின் ரோச்டேலில் கல்நார் நூற்பாலையில் வேலைசெய்த நெல்லி கெர்ஷா 1924-இல் 33 வயதில் இறந்தார். அவரது நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் குக், அதே ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1930-இல் மெர்வெதரும் பிரைசும் அரசுக்கு அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1931-இல் ஆலைகளில் தூசியைக் கட்டுப்படுத்தும் விதிகள் பிரிட்டனில் வந்தன. விதி ஆலைக்கு மட்டுமே. அந்த நாரை வாங்கிப் பூட்டி, தேய்த்து, பிரித்து, தூசு தட்டியவர்களுக்கு எந்த விதியும் இல்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1987-இல் கல்நாரை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் முதற்பிரிவில் வைத்தது. பிரிட்டன் வெண்கல்நாரை 1999-இல் தடைசெய்தது. அமெரிக்கா 2024 மார்ச்சில் வெளியிட்ட தடை விதியில் வண்டி பிரேக்குகளும் அடங்கும்.

இந்தியாவில் 1995 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை அளித்தது. நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று அது கூறியது. கல்நார்த் தொழிலாளி ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகளோ, ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை காக்கவேண்டும் என்றது. 40 ஆண்டுகள் என்ற எண் தற்செயலானதன்று. நார் நுரையீரலில் தங்கிய பிறகு நோய் தலைகாட்ட அவ்வளவு காலம் ஆகலாம். ஆனால் பதிவேடு ஆலையில் இருக்கும். முற்றத்தில் பதிவேடு ஏது?

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். பிரேக்கின் கடும் வெப்பத்தில் கல்நாரின் பெரும்பகுதி வேறு கனிமமாக மாறிவிடுகிறது; டிரம்மில் சேரும் தூசியில் எஞ்சும் நார் சிறிதளவே. எனினும் அந்தச் சிறிதளவு வாழ்நாள் முழுவதும் மீண்டும் மீண்டும் மூச்சில் சேர்கிறது. புதிய லைனிங்கை அரத்தால் ராவும்போதோ, மாறாத நாரே பறக்கிறது. இன்று புது வண்டிகளின் லைனிங் பெரும்பாலும் கல்நாரற்றது. ஆனால் வெண்கல்நாருக்கு இந்தியாவில் முழுத் தடை இல்லை. பல கை மாறிய பழைய வண்டியின் டிரம்முக்குள் இருப்பது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது.

ஆகவே முற்றத்தில் காலங்காலமாக நடக்கும் ஒரு பழக்கம் நிற்கவேண்டும். டிரம்மைக் கழற்றியதும் வாயால் ஊதுவது, கம்ப்ரசர் காற்றால் அடிப்பது, துடைப்பத்தால் பெருக்குவது. மூன்றும் தூசியை மூச்சுக்கு அனுப்பும் வழிகள். சோப்புக் கரைசலால் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியை ஈரமாகவே பைக்குள் கட்டி அகற்றுவதே முறை. பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட வேண்டும். வேலை முடிந்த சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கலாகாது. கல்நார் ஆலைக்கே போகாத மனைவியரும் பிள்ளைகளும் கணவரின், தந்தையின் உடையிலிருந்த தூசியால் நோயுற்றதை மருத்துவம் பதிவு செய்திருக்கிறது.

*

மூன்றாவது பொருள் குலசேகரத்துக்கு உறவானது. வீல் சிலிண்டருக்குள் இருபுறமும் சிறு கிண்ணம்போன்ற ரப்பர்த் துண்டுகள் இருக்கும். நம் பக்கத்தில் பக்கெட் வாஷர் என்பார்கள். கால் மிதியின் அழுத்தத்தைச் சிந்தாமல் ஷூவிடம் சேர்ப்பது அதுதான். அதன் விளிம்பில் கீறல் விழுந்தால் திரவம் கசியும், லைனிங் நனையும், ஐந்து டன் வண்டி நிற்காது.

1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து இலண்டனுக்குக் கொண்டுசென்ற விதைகளின் வழியே ரப்பர் மரம் ஆசியாவுக்கு வந்தது. 1902-இல் திருவிதாங்கூரில், பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் இந்தியாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் எழுந்தது. ரெனோ தம் டிரம்மை வடிவமைத்த அதே ஆண்டு. அன்று குலசேகரமும் திருவிதாங்கூரே. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது, தமிழகத்துக்கு ரப்பர்நாடும் சேர்ந்து கிடைத்தது. 1984-இல் அரசு ரப்பர் கழகம் உருவானது. கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு என அதன் தோட்டங்கள் நம்மைச் சூழ்ந்திருக்கின்றன.

தொடக்ககால ஹைட்ராலிக் பிரேக்கில் ஊற்றிய திரவம் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தது. காரணம் ரப்பர்தான். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப் பருக்கும். ஆமணக்கெண்ணெய் அதற்கு ஊறு செய்யாது. இன்று திரவம் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. வாஷரும் பெரும்பாலும் செயற்கை ரப்பர். ஆனால் பெட்ரோலிய எண்ணெயோடு பகை மாறவில்லை. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவும் பழக்கமுடைய கை, வாஷரையும் அதில் முக்கிவிட்டால் சில நாட்களில் அது உப்பிச் சிலிண்டருக்குள் இறுகும். பிரேக் விடாமல் பிடிக்கும். வாஷரையும் சிலிண்டரையும் புதிய பிரேக் ஆயிலாலேயே கழுவவேண்டும்.

பிரேக் ஆயிலுக்குக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 3 தரத்துத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாது. ஈரம் ஏறியபின் தரவிதி கோருவது 140 பாகைதான். இறக்கத்தில் திரவம் கொதித்துக் குமிழியானால் மிதி வெறுமனே உள்ளே போகும். இரு பருவமழை பெறும் ஊரில், திறந்து வைத்த டப்பாவில் மீந்த ஆயிலை அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைப்பது சிக்கனமாகாது.

*

பிரித்ததைப் பூட்டுவதில் நம் ஊர் மெக்கானிக்குகளிடம் ஒரு நல்ல விதி இருக்கிறது. இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரிப்பதில்லை. ஒன்றைப் பூட்டி முடிக்கும்வரை மற்றது திறந்து பார்க்க முழுமையாக இருக்கும். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில், எந்தக் கொக்கி எந்தப் பக்கம் என்ற ஐயங்களுக்கு அதுவே விடை. இட வலம் மட்டும் மாறியிருக்கும். ஏடெழுதியவர்கள் மூலச்சுவடியைப் பக்கத்தில் விரித்துவைத்துப் பார்த்தெழுதியதுபோல. பிழையான ஒரு படியிலிருந்து அடுத்த படியும் பிழையாகும் என்பதைப் பதிப்பாசிரியர்கள் அறிவார்கள். இங்கே பிழைக்கு விலை கூடுதல்.

மற்ற விதிகளும் அவ்வாறே கைவழி வந்தவை. லைனிங் ரிவெட்டின் தலையை நெருங்கும் முன் மாற்றுவது. ரிவெட்டை நடுவிலிருந்து ஓரம் நோக்கி அடிப்பது. இடப்பக்கம் மாற்றினால் வலப்பக்கமும் மாற்றுவது. டிரம்மை லேத்தில் கடையும்போது அதில் பொறித்த உச்ச விட்டத்தைத் தாண்டாதிருப்பது. குழி விழுந்த சிலிண்டரைத் தேய்த்துச் சமாளிக்காமல் மாற்றுவது. காற்றெடுக்கும்போது பொதுவாகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது. ஷூ உரசும்வரை இறுக்கி, சக்கரம் தடையின்றிச் சுழலும்வரை தளர்த்துவது. முதல் ஓட்டம் சமதரையில், மெதுவாக, பாரமின்றி. இவற்றை அறிந்த ஒருவர் அருகிலில்லாமல் இவ்வேலையில் இறங்குவது தகாது.

மரபு என்று நாம் சொல்வது இவ்வாறுதான் கையிலிருந்து கைக்கு வருகிறது. பயன் தந்ததும் கேடு தந்ததும் பிரித்தறியாமல் கலந்தே வருகிறது. மூலப்படியை வைத்துப் பூட்டும் கவனமும், டிரம்மை வாயால் ஊதும் பழக்கமும் ஒரே ஆசானிடமிருந்து ஒரே நாளில் கற்றவையாக இருக்கலாம். முன்னதைக் காத்துப் பின்னதை விடுவது அந்த ஆசானுக்குச் செய்யும் அவமரியாதையன்று. அவர் காலத்தில் அவரிடம் எவரும் சொல்லவில்லை. 1924-இல் ரோச்டேலில் தெரிந்தது நம் முற்றங்களை இன்னும் முழுதாக வந்தடையவில்லை. அது வந்து சேரப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. ஜாக்கிக்கும் ஸ்பானருக்கும் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பழந்துணியும் இருந்தால் போதும்.